பழுது எந்தக் கோபுரத்தில்? (சென்னைக்கு மின்சாரம் வந்த வரலாறு – 17)

உயர் மின்னழுத்தப் பாதையில் பழுது ஏற்பட்டதும் இரண்டு வேலைகள் எழுகின்றன. பழுதான பாதையை மின்கட்டமைப்பிலிருந்து துண்டிப்பது முதல் வேலை. 400 கிலோவோல்ட் பாதையில் இது ஏறக்குறைய 100 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும். பழுதை உணரும் ரிலே உத்தரவிடுகிறது, சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கிறது. பழுது எந்த இடத்தில் நேர்ந்தது என்று கண்டறிவது இரண்டாவது வேலை. நூறு, இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு மலை, காடு, வயல், ஆறு எல்லாம் கடந்து போகும் பாதையில் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் நிற்கும். அவற்றுள் ஒன்றைக் காட்டிக் கொடுப்பதுதான் பழுதின் இடம் காணும் துறையின் குறிக்கோள்.

பழுதுகளின் வகை ஊருக்கு ஊர் மாறும். நீலகிரியிலும் கொங்கு நாட்டிலும் கோடை மழையோடு வரும் இடி. எண்ணூர் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரையில் இன்சுலேட்டர் மேல் படியும் உப்பு. விடியற்காலைப் பனியில் அது நனைந்ததும் மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. கரும்பு விளையும் பகுதிகளில் அறுவடை முடிந்து சோகையைக் கொளுத்தும்போது எழும் தீயும் புகையும் கம்பிக்கும் தரைக்கும் இடையிலுள்ள காற்றின் காப்புத் திறனைக் குறைத்துவிடும். வளர்ந்த மரக்கிளை, பறவை, காற்றாடி நூல், புயலில் சாயும் கோபுரம் எனப் பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை தற்காலிகப் பழுதுகள். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் தீப்பொறி அணைந்து, பாதை பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு விநாடி கழித்துப் பிரேக்கர் தானாகவே மீண்டும் மூடி மின்சாரத்தை ஓட விடும். ஆனாலும் இடத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். பொறி தாவிய இன்சுலேட்டர் சரத்தில் ஒரு தட்டு விரிசல் விட்டிருந்தால், அடுத்த மழையில் அதே இடம் நிரந்தரப் பழுதாகும்.

பழுதின் இடம் காணும் இந்தக் கலை மின்விளக்குக்கு முந்தியது. இந்தியாவில் 1850களில் தந்திக் கம்பிகள் நீண்டபோதே இதற்கான தேவை எழுந்துவிட்டது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கேபிள் போடப்பட்டது. வங்கக் கடலின் அடியில் கிடக்கும் கேபிளில் ஓரிடத்தில் உறை கிழிந்து நீர் புகுந்துவிட்டால், கப்பல் எந்தத் திசையில் எத்தனை மைல் போக வேண்டும் என்பதைக் கரையில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டாக வேண்டியிருந்தது. தரைவழித் தந்தியில் இந்தியத் தந்தித் துறையின் ஜெர்மானியப் பொறியாளர் லூயி ஷ்வெண்ட்லர் இதை ஒழுங்கான முறையாக வளர்த்தார். பாதைகளைச் சோதிப்பது பற்றி 1870களின் இறுதியில் அவர் எழுதிய கையேடு இந்தியத் தந்தி அலுவலகங்களின் அனுபவத்திலிருந்து பிறந்த நூல். கம்பியின் மின்தடையையும் காப்பையும் தவறாமல் அளந்து பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவு இருந்தால்தான் பழுதான நாளில் வித்தியாசத்தைப் படிக்க முடியும் என்பது அக்காலத் தந்திப் பொறியாளர்கள் கற்ற பாடம். இந்த வரலாறு முழுவதிலும் அந்தப் பாடம் திரும்பத் திரும்ப வரும்.

அக்காலத்து முறைகளில் இன்றும் உயிரோடு இருப்பது மரே வளையச் சோதனை. மூன்று கிலோமீட்டர் நீளக் கேபிளில் ஓர் இழை மட்டும் எங்கோ தரையைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். மறுமுனையில் பழுதான இழையை நல்ல இழை ஒன்றோடு இணைத்துவிட்டால் ஆறு கிலோமீட்டர் வளையம் கிடைக்கும். சோதனை முனையில் வீட்ஸ்டோன் சமனச் சுற்றை வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவரும்போது, வளையத்தின் மொத்த நீளத்தில் பழுது எந்த விகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1.2 கிலோமீட்டர். பழுதான இடத்தில் தரைக்குப் போகும் பாதையின் தடை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் விடை மாறாது. இதுதான் இந்த முறையின் அழகு. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: நல்ல இழை ஒன்று வேண்டும், அளக்கும் நேரத்திலும் பழுது அங்கேயே இருக்க வேண்டும். மேல்நிலை மின்பாதையில் இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தியதும் பொறி அணைந்துவிடுகிறது, பழுதும் மறைந்துவிடுகிறது.

தமிழகத்தில் நீண்ட தூர மின்பாதை பைக்காராவோடு தொடங்கியது. அதற்கு முன் சென்னை நகரம் பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்துத் தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டது. நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரைச் சிங்காராவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 1920களில் முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர், சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் 1923 முதல் 1928 வரை சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசுவாமி ஐயர்.   1927இல் சென்னை மாகாண அரசின் மின்துறை உருவானது. அதன் தலைமைப் பொறியாளர் மேஜர் எச்.ஜி. ஹோவர்ட். 1932இல் பைக்காரா மின்சாரம் 66 கிலோவோல்ட் பாதையில் கோயம்புத்தூருக்கு இறங்கியது. அங்கே நூற்பாலைகள் பெருகியதில் இந்தப் பாதைக்குப் பெரும் பங்குண்டு. 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கின. இடையே கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1930இல் மின்பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. பாதையும் அதைப் பராமரிக்கும் பொறியாளர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானார்கள்.

அந்தப் பாதைகளில் பழுது தேடும் வழி, பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. இடையிலுள்ள துணைமின் நிலையத்தில் இணைப்பைத் திறந்து முதல் பாதிக்கு மட்டும் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். நின்றால் அது நல்ல பாதி. மீண்டும் விழுந்தால் பழுது அதில்தான். இப்படிச் சுருக்கிக்கொண்டே வந்து, மிஞ்சிய துண்டில் ஆட்கள் கோபுரம் கோபுரமாக நடப்பார்கள். கருகிய தட்டு, அறுந்த கம்பி, கீழே செத்துக் கிடக்கும் பறவை இவைதான் தடயங்கள். நீலகிரிச் சரிவில் மழையிலும் அட்டைக் கடியிலும் நடந்த அந்தக் கம்பியாளர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. தென்னிந்தியாவின் தொழில் வளர்ச்சி அவர்கள் கால்களின் மேல் நின்றது என்றால் அது மிகையல்ல. இந்த முறையில் இன்னொரு தீங்கும் உண்டு. சோதனைக்காகப் பழுதின் மேல் ஒவ்வொரு முறை மின்சாரம் விடும்போதும் மின்மாற்றிகளும் பிரேக்கர்களும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கிறது.

நடந்து தேடும் தொலைவைக் குறைத்த முதல் கருவி தொலைவு ரிலே. அமெரிக்காவில் 1920களில் உருவான இதன் அடிப்படை எளிமையானது. பழுது நேர்ந்த நொடியில் பாதையின் ஒரு முனையிலுள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்னெதிர்ப்பு. துறையினர் இம்பீடன்ஸ் என்பார்கள். ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு இவ்வளவு என்று முன்பே தெரியுமாதலால், பழுது எவ்வளவு தொலைவில் என்பதும் தெரிந்துவிடும். 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. அடுத்த பத்தாண்டில் நெய்வேலி அனல்மின் நிலையத்தோடு 230 கிலோவோல்ட் பாதைகள் வந்தன. அவற்றின் துணைமின் நிலையங்களில் இந்த ரிலேக்கள் வரிசையாக நின்றன. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் ரிலே தயாரித்தது. பிற்காலத்தில் ஜி.இ.சி. அல்ஸ்தாம், அரேவா, அல்ஸ்டாம் எனப் பெயர் மாறிய அந்தத் தொழிற்சாலையின் கருவிகள் நாடெங்கும் சென்றன.

ஆனால் ரிலே சொன்னது இடத்தை அல்ல, மண்டலத்தைத்தான். பாதையின் முதல் எண்பது விழுக்காட்டுக்குள் என்றால் முதல் மண்டலம். அதற்கப்பால் இரண்டாவது, மூன்றாவது. பணியிலிருப்பவர் ரிலேயின் கொடி விழுந்திருப்பதைப் பார்த்து, 'முதல் மண்டலம், ஆர் ஃபேஸ், தரைப் பழுது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 150 கிலோமீட்டர் பாதையில் அது 120 கிலோமீட்டருக்குள் எங்கேயும் இருக்கலாம். மின்னெதிர்ப்பைத் தொலைவாகப் படிப்பதில் உள்ள ஆபத்தை நாடே உணர்ந்த நாளும் வந்தது. 2012 ஜூலை 30 அதிகாலை, பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் பழுதே இல்லை. அளவுக்கு மீறிய சுமையால் மின்னழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் உயர்ந்தது. அந்த வகுத்தலின் விடையை ரிலே தொலைதூரப் பழுது என்று படித்துப் பாதையைத் துண்டித்தது. வட இந்தியா இருளில் மூழ்கியது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு நேர்மின்சார இணைப்புகளால் மட்டுமே கட்டப்பட்டிருந்ததால் அந்தச் சரிவில் இழுபடவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு ஒரே அதிர்வெண்ணில் நாட்டோடு இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

பழுது உயிரோடு இருப்பது 100 மில்லி விநாடி. அதற்குள் அலைவடிவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு ஆற அமர ஆராயலாம். முதலில் ஒளிக்கதிரால் படச்சுருளில் வரையும் பதிவுக் கருவிகள் இதைச் செய்தன. எண்முறைக் கணினி வந்ததும் அலைவடிவம் எண்களின் வரிசையாக மாறியது. மின்பாதைப் பாதுகாப்பு சமிக்ஞைச் செயலாக்கத்தின் பகுதியானது இங்கேதான். 1969இல் ஜி.டி. ராக்கஃபெல்லர், துணைமின் நிலையம் முழுவதற்கும் ஒரு கணினியே பாதுகாப்புத் தரலாம் என்ற திட்டத்தை வெளியிட்டார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1959இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற அருண் பட்கே, 1977இல் சமச்சீர்க் கூறுகளைக் கொண்டு இயங்கும் கணினித் தொலைவு ரிலேயைத் தன் சகாக்களோடு உருவாக்கினார். 1984இல் எட்மண்ட் ஷ்வைட்சரின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எண்முறை ரிலே, பழுதின் தொலைவையும் கூடவே கணக்கிட்டுச் சொன்னது.

இதன் வேலை இப்படி நடக்கிறது. மின்மாற்றிக் கருவிகள் தரும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் 20 மில்லி விநாடி கொண்ட ஒரு சுழற்சியில் இருபது முதல் எண்பது முறை அளக்கப்படுகின்றன. பழுதின்போதுள்ள மின்னோட்டம் தூய சைன் அலையாக இருக்காது. மெல்லத் தேயும் நேர்மின்கூறு ஒன்று அதன் மேல் ஏறியிருக்கும். பல அதிர்வெண்களின் சலசலப்பும் கலந்திருக்கும். முதலில் வடிகட்டிகள் இவற்றை அகற்ற வேண்டும். பிறகு ஃபூரியே உருமாற்றத்தால் 50 ஹெர்ட்ஸ் கூறின் அளவும் கட்டமும் பிரித்தெடுக்கப்படும். அப்போதுதான் வகுத்தலுக்குப் பொருள் உண்டு. பிரேக்கர் வேகமாகத் திறந்தால் வடிகட்டிக்குக் கிடைக்கும் சுழற்சிகள் இரண்டோ மூன்றோதான். பாதுகாப்புக்கு வேகம் நல்லது. தொலைவுக் கணக்குக்கு அதே வேகம் தகவலைக் குறைத்துவிடுகிறது.

வகுத்தலின் மிகப் பெரிய எதிரி பழுதின் சொந்தத் தடை. உலர்ந்த மரக்கிளை வழியாகவோ பாறைத் தரை வழியாகவோ மின்சாரம் இறங்கினால் அந்தத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். அது வெறும் தடையாக மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடலாம். மறுமுனையிலிருந்தும் மின்னோட்டம் அதே பழுதுக்குள் பாய்வதால், இந்த முனையிலிருந்து பார்க்கும்போது அது தொலைவைப் போலவே வேடமிடுகிறது. 1982இல் ஜப்பானின் தக்காகியும் சகாக்களும் இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டனர். பழுதுக்கு முன்பிருந்த மின்னோட்டத்தைப் பழுதின்போதுள்ளதிலிருந்து கழித்து, அந்த வித்தியாசத்தைக் கொண்டு பழுதுத் தடையின் பங்கைச் சமன்பாட்டிலிருந்து நீக்கினார்கள். ஒரு முனையின் அளவீட்டிலிருந்தே நல்ல விடை கிடைக்க இது வழி செய்தது. இரு முனைகளின் பதிவுகளும் கிடைத்தால் பழுதுத் தடை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பக்கமிருந்தும் கணக்கிடும் மின்னழுத்தம் எந்த இடத்தில் ஒன்றாகிறதோ அதுதான் பழுது.

தரைப் பழுதில் இன்னொரு சிக்கல், மின்னோட்டம் திரும்பும் வழி. ஜான் கார்சன் 1926இல் தந்த சமன்பாடுகளின்படி, சாதாரண ஈரமண்ணில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்தில் ஒரு கம்பி இருந்தால் எப்படித் திரும்புமோ அப்படித் திரும்புகிறது. மண்ணின் தடை பத்து மடங்கானால் அந்த ஆழம் மூன்று கிலோமீட்டரை நெருங்கும். காவிரிப் படுகையின் வண்டலிலும் நீலகிரியின் சார்னோகைட் பாறையிலும் ஒரே கோபுரமும் ஒரே கம்பியும் வெவ்வேறு தொலைவைக் காட்டக் காரணம் இதுதான்.  ரிலேயில் பொதிக்கும் தரைவழித் திருத்தக் காரணியை ஏட்டுச் சராசரியிலிருந்து எடுத்தால் தொலைவு பிசகும். பாதையை இயக்கத் தொடங்கும்போதே அதை அளந்து பொதிப்பதுதான் சரியான வழி. நடைமுறையில் மின்னெதிர்ப்பு முறைகள் பாதை நீளத்தில் ஒன்று முதல் ஐந்து விழுக்காடு வரை தவறக்கூடும். 200 கிலோமீட்டர் பாதைக்கு ஐந்து விழுக்காடு என்றால் பத்துக் கிலோமீட்டர். 400 மீட்டருக்கு ஒரு கோபுரம் என்று வைத்தால் இருபத்தைந்து கோபுரங்கள்.

ஒற்றைக் கோபுரத்தைக் காட்டும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. தந்திக் கம்பியில் சமிக்ஞை எப்படிப் பயணிக்கிறது என்பதை ஆலிவர் ஹெவிசைட் 1880களில் சமன்பாடுகளாக்கினார். அவற்றின்படி, கம்பியில் ஏற்படும் திடீர் மாற்றம் எதுவும் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இரு பக்கமும் அலையாக ஓடும். மேல்நிலைப் பாதையில் அது மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. பழுது நேரும் கணத்தில் மின்னழுத்தம் சரிவதும் அப்படிப்பட்ட மாற்றமே. அந்த அலை இரு முனைகளையும் எந்தெந்த நேரத்தில் சேர்ந்தது என்று தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். 180 கிலோமீட்டர் பாதையில் அலை நம் முனையை 200 மைக்ரோ விநாடி முன்னதாகவே அடைந்தது என்று கொள்வோம். வேகம் மைக்ரோ விநாடிக்கு 294 மீட்டர் என்றால், அந்த நேரத்தில் அலை 58.8 கிலோமீட்டர் போயிருக்கும். அதை 180இலிருந்து கழித்துப் பாதியாக்கினால் 60.6 கிலோமீட்டர். பழுதின் தடை, மண்ணின் தன்மை, மறுமுனையின் மின்னோட்டம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அமெரிக்காவின் பான்வில் மின் நிர்வாகம் 1940களின் இறுதியிலேயே பழுது எழுப்பும் அலைகளைக் கொண்டு இடம் காணும் கருவியைச் செய்து பார்த்தது. தடையாக நின்றது கடிகாரம். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 150 மீட்டர் பிசகும். நூறு மைல் இடைவெளியில் இரண்டு கடிகாரங்களை அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகச் செய்ய அப்போது எளிய வழி இல்லை. ரேடியோவிலும், மின்கம்பியிலேயே செல்லும் கேரியர் அலையிலும் நேரத்தை அனுப்பிப் பார்த்தார்கள். செலவும் பராமரிப்பும் தாங்கவில்லை. முறை நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. விண்ணிலிருந்து நேரம் சொல்லும் ஜி.பி.எஸ். 1995இல் முழுமை பெற்றதும், எந்தத் துணைமின் நிலையத்திலும் ஒரு சிறு ஏரியலை வைத்தால் ஒரு மைக்ரோ விநாடிக்கும் நுண்ணிய நேரம் கிடைத்தது. ஜி.பி.எஸ். முழுமை பெறும் முன்பே, 1988இல், பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் வர்ஜீனியாவில் உருவாக்கிய கட்ட அளவீட்டுக் கருவியும் இதே நேரத்தின் மேல் எழுந்ததுதான். இன்று இந்திய மின்தொகுப்பு முழுவதும் அத்தகைய கருவிகள் நிறுவப்பட்டிருக்கின்றன.

நேரம் கிடைத்தபின் எஞ்சிய கேள்வி, அலை வந்து சேர்ந்த கணம் எது என்பது. பதிவில் அது கூர்மையான படியாகத் தெரிவதில்லை. நீண்ட பயணத்தில் அதன் முனை மழுங்கியிருக்கும். மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று தூண்டுவதால் மூன்றிலும் அலை கலந்து வரும். முதல் வேலை கலவையைப் பிரிப்பது. எடித் கிளார்க்கின் பெயர் கொண்ட உருமாற்றம் மூன்று கம்பிகளின் அளவீடுகளைத் தனித்தனியே பயணிக்கும் கூறுகளாக மாற்றுகிறது. தரைவழிக் கூறு மெதுவாகவும் தேய்ந்தும் வரும். கம்பிகளுக்கிடையிலான கூறு கூர்மை கெடாமல் வரும். பின்னதையே நேரக் கணக்குக்கு எடுக்க வேண்டும். இரண்டாவது வேலை முனையைப் பிடிப்பது. ஃபூரியே உருமாற்றம் எந்த அதிர்வெண் இருக்கிறது என்று சொல்லும். எப்போது வந்தது என்று சொல்லாது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு எண்ணெய் தேடிய ஜான் மோர்லே 1980களில் கிராஸ்மனோடு சேர்ந்து வளர்த்த அலைத்துகள் உருமாற்றம், அதாவது வேவ்லெட், இரண்டையும் சேர்த்துச் சொன்னது. 1998இல் மக்னாகோவும் அபூரும் அதை மின்பாதைப் பழுதுக்குப் பயன்படுத்திய கட்டுரை, உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகளுக்கு வித்திட்டது.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. கம்பியின் மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் பழுது நேர்ந்தால் அலை எழுவதே மிகக் குறைவு. மின்னழுத்தத்தை அளக்கும் மின்தேக்கி வகைக் கருவிகள் உயர் அதிர்வெண்ணைக் கடத்துவதில்லை. ஆகவே பெரும்பாலும் மின்னோட்ட அலையையே நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால், பழுதிலிருந்து திரும்பிய அலையையும் பக்கத்துத் துணைமின் நிலையத்திலிருந்து திரும்பிய அலையையும் பிரித்தறிவது கடினம். மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுக்கும் ரிலேக்கள் வந்துவிட்ட இன்றைக்கும் இரு முனை அளவீடே நம்பத் தகுந்தது. நல்ல நிலையில் அது 150 முதல் 300 மீட்டருக்குள், அதாவது ஒரு கோபுர இடைவெளிக்குள், விடை தருகிறது.

நேர்மின்சாரப் பாதையில் நகரும் அலை முறையே முதன்மையான வழி. அங்கே 50 ஹெர்ட்ஸ் இல்லை; மின்னெதிர்ப்புக் கணக்குக்கு இடமில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலாருக்கு 2003இல் வந்த 500 கிலோவோல்ட் பாதையும், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் பெயரிலான முனையத்துக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதையும் நகரும் அலையையே நம்பியிருக்கின்றன. ராய்கர்–புகளூர் பாதையின் நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர். முழுத் தொலைவையும் கடக்க அலைக்கு ஏறக்குறைய ஆறு மில்லி விநாடிதான் தேவை.

காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகிய தமிழகத்தில் இந்த முறையின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் போன்றவற்றில் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வருகிறது. நீராவிச் சுழலியின் ஜெனரேட்டர் பழுதின்போது பல மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும். இன்வெர்ட்டரோ தன்னைக் காத்துக்கொள்ள வழக்கமான அளவை ஒட்டியே நிறுத்திவிடும். பழைய வகுத்தல் இங்கே தடுமாறுகிறது. நகரும் அலைக்கு ஜெனரேட்டரின் வகை முக்கியமில்லை; பழுது நேர்ந்த இடத்தின் மின்னழுத்தமே அதை எழுப்புகிறது.

சென்னை நகருக்குள், அபிராமபுரத்தை நெருங்கும்போது கோபுரங்கள் மறைந்து பாதை நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளின் துணைமின் நிலையங்களுக்கு உயர் மின்னழுத்தம் நிலத்தடிக் கேபிள் வழியாகவே வருகிறது. அங்கிருந்து 11 கிலோவோல்ட் கேபிள்கள் தெருவடியில் கிளைத்து, நடைபாதைப் பில்லர் பெட்டிகள் வழியாக வீடுகளுக்குப் போகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மின்கம்பங்களை வீழ்த்தியபோது, காற்று தொட முடியாத கேபிளின் மதிப்பு தெரிந்தது. அதற்கு ஓராண்டு முன் வெள்ளத்தில் பெட்டிகள் மூழ்கியபோது அதன் பலவீனமும் தெரிந்தது. கேபிள் பழுது மேல்நிலைப் பாதைப் பழுது போலத் தானாக மறைவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் இணைப்புக்குள் நீர் இறங்குவது, கழிவுநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் தோண்டும் எந்திரத்தின் பல் படுவது இவைதான் வழக்கமான காரணங்கள்.

இங்கே தேடல் படிப்படியாக நடக்கிறது. முதலில் மெக்கர் என்னும் கருவியால் காப்பைச் சோதித்து எந்த இழையில் எவ்வகைப் பழுது என்று அறிவார்கள். பிறகு கேபிள் சோதனை வண்டியிலிருந்து ஒரு சிறு துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளப்பார்கள். எக்ஸ்.எல்.பி.இ. காப்புள்ள கேபிளில் அலை மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்தான் ஓடும். 14 மைக்ரோ விநாடியில் எதிரொலி வந்தால் பழுது 1,190 மீட்டரில் இருக்கிறது. தடை அதிகமான பழுதை இந்தச் சிறு துடிப்பு கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். அப்போது மின்தேக்கியில் சேர்த்த உயர் மின்னழுத்தத்தை ஒரே அடியாகக் கேபிளில் விட்டுப் பழுதில் பொறி எழுப்பி, பொறி எரியும் அந்தக் கணத்தில் துடிப்பை அனுப்புவார்கள். கடைசிப் படி தெருவில் நடக்கிறது. உயர் மின்னழுத்தத்தின் ஒவ்வொரு அடிக்கும் பழுதான இடத்தில் மண்ணுக்குள் ஒரு சத்தம் எழும். கூடவே காந்தப்புலமும் துடிக்கும். தரையில் வைத்த கருவி முதலில் காந்தத் துடிப்பையும் பிறகு சத்தத்தையும் பிடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைப் போல அந்த இடைவெளி குறையக் குறையப் பழுது நெருங்குகிறது. மிகக் குறைவான இடத்தில் தோண்ட வேண்டும். வண்டிகளின் இரைச்சல் அடங்கிய இரவில்தான் இந்த வேலை நன்றாக நடக்கும் என்பதால், தெருவாசிகள் தூங்கும் நேரத்தில் ஊழியர்கள் விழித்திருக்கிறார்கள்.

துடிப்பு சொல்வது கேபிளின் வழியான தொலைவு. தோண்ட வேண்டியது சாலையில். கேபிள் எந்தப் பக்க நடைபாதைக்கு அடியில் போகிறது, எந்த முனையில் வளைகிறது, இணைப்புக்காக எங்கே கூடுதல் சுருள் விட்டுப் புதைத்தார்கள், பழைய பழுதைச் சரிசெய்தபோது எத்தனை மீட்டர் புதிய கேபிள் சேர்ந்தது என்பதெல்லாம் பதிவில் இல்லாவிட்டால் 1,190 மீட்டர் என்ற விடை தெருவின் தவறான இடத்தைக் காட்டும். மேல்நிலைப் பாதையிலும் இதே நிலைதான். கம்பியின் தொய்வையும் கோபுரங்களின் உண்மையான இடைவெளிகளையும் சேர்க்காத பாதை நீளத்தை வைத்துக்கொண்டு, மைக்ரோ விநாடியின் பின்னங்களை அளந்து பயனில்லை. கணிதத்திலும் கருவியிலும் இந்தத் துறை அடைய வேண்டியதைப் பெரும்பாலும் அடைந்துவிட்டது. இனி முன்னேற்றம் வர வேண்டியது பதிவேட்டில்தான். ஒவ்வொரு இணைப்பின் இடமும், மாற்றிய ஒவ்வொரு துண்டின் நீளமும், அன்றன்றே அளவோடு வரைபடத்தில் ஏற வேண்டும். சாலையைத் தோண்டும் எந்தத் துறையும் அந்த வரைபடத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

(தொடரும்)